‘டேர்’ பழைய எல்பி: ரெண்டாம் பக்கக் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்குது. தட்டு போச்சா, முள் போச்சா?

நொய்யல்கரை, திருப்பூர்

வணக்கமுங்க. ஹ்யூமன் லீக்ங்கற இங்கிலாந்து சிந்தசைசர் பாட்டுக் குழுவோட ‘டேர்’ எல்பி ரெக்கார்டு ஒண்ணு கைக்கு வந்திருக்குதுங்க. 1981 அக்டோபர்ல வெர்ஜின் கம்பெனி போட்டது. வி 2192ன்னு நம்பர், ரெண்டா விரியற அட்டை, மேட் இன் இங்கிலாந்துன்னு அச்சு. ஒரு பழைய வீட்டைக் காலி பண்ணினப்ப வந்த சாமான்ல இருந்து பழைய சாமான் கடைக்காரர் எடுத்து வச்சிருந்தார். அந்த வீட்டுக்காரர் எண்பதுகள்ல பனியன் ஏற்றுமதி பண்ணினவராம், வெளிநாட்டு பையர்கள் வந்து போன வீடாம். பெட்டியில மத்ததெல்லாம் முருகன் பாட்டும் சினிமாவும். அதுக்கு நடுவுல வெள்ளை அட்டையில ஒரு முகம் மட்டும் போட்ட இது. 350 ரூபா சொன்னார், மறுபேச்சு பேசாம எடுத்துட்டேன். காலேஜ் படிக்கறப்ப எம்பி3-ல கேட்டுக் கேட்டு பத்துப் பாட்டும் எனக்கு அத்துபடி.

பிரச்சனை இதுதானுங்க. மொதப் பக்கம் அருமையா ஆரம்பிக்குது. ரெண்டாம் பக்கமும் ‘லவ் ஆக்சன்’ வரைக்கும் குறை சொல்ல முடியாது. கடைசிப் பாட்டு ‘டோன்ட் யூ வான்ட் மீ’ வந்ததும் குரல்ல ‘ஸ்’, ‘ச்’ வர்ற எடமெல்லாம் கரகரன்னு சிதறுது. அந்தப் பொண்ணு தனியாப் பாடற ரெண்டாவது சரணம் கேக்கவே முடியல. கீறல் எதுவும் கண்ணுக்குத் தெரியல. சொடுக்குச் சத்தமும் இல்ல.

என்ர கிட்ட இருக்கறது மோட்டாரே நேராச் சுத்தற டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள், முள்ளைத் தாங்கற கார்ட்ரிட்ஜ் ஆடியோ டெக்னிகா விஎம்95இ. மாட்டிக் குடுத்தது வித்த கடைக்காரங்க. தட்டு தேஞ்சு போச்சா, இல்ல வேற ஏதாவதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பீளமேடு 19, கோயம்புத்தூர்

அக்கா, இதே ஆல்பம் புதுசா அச்சடிச்ச பிரஸ்ஸிங்கே கிடைக்குதே. இல்லேன்னா ஸ்ட்ரீமிங்ல கேட்டா கரகரப்பே இருக்காது. 43 வருசத்துக்கும் மேலான தட்டோட எதுக்குங்க்கா மல்லுக்கட்டணும்? கிண்டலுக்குக் கேக்கல, நானும் இப்பத்தான் டர்ன்டேபிள் பக்கம் வர்றேன், நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன்.

பொள்ளாச்சி ரேடியோ, பொள்ளாச்சி

அம்மணி, வெசனப்படாதீங்க. இது இந்தத் தட்டுக்கு மட்டும் வந்த சீக்கு இல்ல. ஆம்ப்ளிபயர், ரெக்கார்டு பிளேயர் சர்வீஸ்லயே என்ர காலம் போச்சு, நூறு பேர்ல எண்பது பேர் இந்தக் குறையோடதான் வருவாங்க. எடுத்ததும் தட்டைக் குத்தம் சொல்லக் கூடாது.

காரணம் தெரிஞ்சா பாதி பயம் போயிரும். எல்பி நிமிசத்துக்கு 33⅓ சுத்து. வெளி ஓரத்துலயும் அதே சுத்துதான், லேபிள் கிட்டயும் அதே சுத்துதான். ஆனா வட்டம் சின்னதாயிட்டே போகுதில்லைங்களா? வெளி ஓரத்துல முள்ளுக்கு அடியில ஒரு நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். உள்கடைசியில அது 21 சென்டிமீட்டர்தான். ஒரு நொடிப் பாட்டை பாதிக்கும் கீழான எடத்துல நெருக்கி வெட்டியிருக்காங்கன்னு அர்த்தம். ‘ஸ்’ங்கற சத்தத்துல 10,000 ஹெர்ட்ஸ் கிட்ட நெறைய இருக்கும். அந்த ஒரு அலையோட நீளம் வெளியில 51 மைக்ரான், உள்ள 21 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). சாதா உருண்டை முள்ளோட முனை ஆரமே 15 மைக்ரான் இருக்கும். அத்தனை சின்ன வளைவுக்குள்ள அது எப்படி எறங்கும்? எறங்காம மேலயே ஒரசீட்டுப் போகும், அதுதான் கரகரப்பு. உங்க விஎம்95இ நீள்வட்ட முள்ளு, ஒரசற பக்கம் 8 மைக்ரானுக்குள்ளதான் ஆரம். அது இத்தனை மோசமாக் கத்தக் கூடாது. அதனாலதான் எனக்கு வேற சந்தேகம்.

நாளைக்கு இதெல்லாம் பார்த்துட்டுச் சொல்லுங்க. மொதப் பக்கக் கடைசிப் பாட்டு எப்படி இருக்குது? அதுவும் கரகரத்தா முள்ளு பக்கம்தான் தப்பு. அது சுத்தமா இருந்து ரெண்டாம் பக்கம் மட்டும் கத்துச்சுன்னா தேய்மானம். அப்புறம், கரகரப்பு ரெண்டு ஸ்பீக்கர்லயும் வருதா, ஒண்ணுலயா? பள்ளத்தோட உள்சுவர் இடது சேனல், வெளிச்சுவர் வலது சேனல். வலது மட்டும் சிதறுச்சுன்னா முள்ளைத் தாங்கற கை உள்பக்கமா இழுக்குது, அதை வெளிப்பக்கமா இழுத்துச் சரிக்கட்டற ஆன்டி ஸ்கேட்டிங் பத்தலைன்னு அர்த்தம்.

நடு ஓட்டையைச் சுத்தி லேபிள் மேல பாருங்க. தட்டை மாட்டறப்ப ஓட்டை தேடி கம்பி ஒரசின கோடு நெறைய இருந்தா, அந்த வீட்டுல அதை விடாம ஓட்டியிருக்காங்க. கடைசியா, முள்ளு தட்டை அழுத்தற எடை. விஎம்95-க்கு 1.8-ல இருந்து 2.2 கிராம் வரைக்கும், 2 கிராம் சரியா இருக்கும். தங்கம் நிறுக்கற சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஆனா தராசுத் தட்டு இரும்பா இருந்தா கார்ட்ரிட்ஜ் காந்தம் இழுத்துத் தப்புக் கணக்குக் காட்டும். மேல ஒரு பிளாஸ்டிக் வில்லை வச்சு, ரெக்கார்டு இருக்கற மட்டத்துக்குச் சமமா நிறுங்க.

தம்பி பீளமேடு, உங்க கேள்வி நல்ல கேள்வி. ஆனா அதுக்கு என்ரதைவிட நல்ல பதில் சென்னிமலையார்கிட்ட இருக்கும்.

ஈரோடு கேசட், ஈரோடு

எண்பதுகள்ல எங்க அண்ணன் ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தார், நான் கூட நின்னேன். தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுப்பாங்க, 60 நிமிச கேசட்டோ 90 நிமிச கேசட்டோ பதிஞ்சு குடுப்போம். இங்கிலீஷ்னா போனி எம், அப்பா (ABBA), மைக்கேல் ஜாக்சன்தான் கேப்பாங்க. ஹ்யூமன் லீக்னு பேர் சொல்லி யாரும் கேட்டதில்ல. ஆனா இந்தப் பாட்டு மட்டும் டிஸ்கோ கலெக்சன்னு பதியற கேசட்ல தானா வந்து உக்காந்துக்கும். பேர் தெரியாமலே கல்யாண வீட்டு மைக் செட்டுல போட்டாங்க.

அதனால சொல்றேனுங்க, இந்த ஒரு பாட்டுக்காகவே தட்டு வாங்கினவங்க உலகம் பூரா இருந்திருப்பாங்க. ரெண்டாம் பக்கத்தைப் போட்டு, கையைத் தூக்கிக் கடைசிப் பாட்டு மேலயே வச்சு வச்சு ஓட்டியிருப்பாங்க. அந்தக் காலத்துப் பெட்டி பிளேயர்ல செராமிக் கார்ட்ரிட்ஜ், அஞ்சாறு கிராம் அழுத்தும். தேயாம என்ன பண்ணும்? என்ர ஓட்டு தேய்மானத்துக்குத்தான்.

சென்னிமலையான், சென்னிமலை

தம்பி பீளமேடு கேட்டதுக்கு என்னால ஆனதைச் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

இங்கிலாந்துல ஷெஃபீல்டுங்கறது இரும்பு, எஃகு ஊரு. அங்க இருந்த ஹ்யூமன் லீக் குழு 1980 கடைசியில ரெண்டா உடைஞ்சுது. இசை போட்டுட்டிருந்த மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் வெளிய போயி ஹெவன் 17 ஆரம்பிச்சுட்டாங்க. மிஞ்சினது பாடகர் ஃபிலிப் ஓக்கியும், மேடையில சிலைடு படம் ஓட்டிட்டிருந்த ஏட்ரியன் ரைட்டும். ஒப்புக்கிட்ட கச்சேரிச் சுற்றுப்பயணம் தலைக்கு மேல நிக்குது. ஓக்கி கிரேசி டெய்சிங்கற டான்ஸ் கிளப்புல ஆடிட்டிருந்த ரெண்டு ஸ்கூல் பொண்ணுகளை, ஜோன் கேத்தராலையும் சூசன் ஆன் சல்லியையும், குழுவுல சேர்த்தார். நம்ம நொய்யல்கரை கேக்க முடியலைன்னு சொன்ன அந்த ரெண்டாவது சரணம் சூசனோட குரல்தான். அப்புறம் இயன் பர்டனும் ஜோ காலிஸும் வந்தாங்க. காலிஸ் அதுக்கு முன்ன ரெசில்லோஸ்ங்கற பங்க் குழுவுல கிட்டாரிஸ்டு. இங்க வந்து சிந்தசைசர் பழகினார்.

இவங்களை வச்சு ஆல்பத்தைக் கட்டினவர் தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட். அவர்கிட்ட ரோலண்ட் எம்சி-8 மைக்ரோகம்போசர் இருந்துச்சு, 1977-ல வந்தது. அதுல கீபோர்டு வாசிச்சுப் பதியறதில்ல. கால்குலேட்டர் மாதிரி எண் பொத்தான்தான். ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த உயரம், எவ்வளவு நேரம், அடுத்தது எப்ப, எல்லாத்தையும் எண்ணா அடிக்கணும். எங்க ஊர்ல ஜக்கார்டு தறிக்கு டிசைன் அட்டை குத்தறதைப் பார்த்தவங்களுக்கு உடனே புரியும்: தறி ஓடறதுக்கு முன்னாடியே முழுப் பூவும் ஓட்டை ஓட்டையா அட்டையில இருக்கும், ஒரு ஓட்டை தப்பினா பூ கோணும். அப்படி ஒரு உக்காந்த வேலை இந்த ஆல்பத்துல இருக்குது. நான் இதைக் கேக்கறப்பெல்லாம் அந்தப் பொறுமைதான் முதல்ல காதுல விழுது.

தாளத்துக்கு லின் எல்எம்-1. 1980-ல வந்த அந்தப் பெட்டிதான் நிஜ டிரம் சத்தத்தைச் சிப்புல பதிஞ்சு வச்ச முதல் டிரம் மெஷின். அதுல கிராஷ் சிம்பல் கிடையாது. நீண்டு ஒலிக்கற சத்தத்துக்கு மெமரி நெறைய வேணும், அன்னைக்கு மெமரி கொள்ளை விலை. அதனாலதான் இந்த ஆல்பத்துத் தாளம் இத்தனை வறண்டு, இத்தனை நெருக்கமா நிக்குது.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். ‘டோன்ட் யூ வான்ட் மீ’ ஓக்கிக்குப் பிடிக்காத பாட்டு. ஆல்பத்துலயே பலவீனமானது இதுதான்னு நினைச்சார். அதனாலதான் ரெண்டாம் பக்கத்துக் கடைசியில தள்ளினாங்க. தனித்தட்டா வெளியிடவும் அவருக்கு மனசில்ல. கம்பெனி வற்புறுத்தி நாலாவது சிங்கிளா 1981 கடைசியில வெளியிட்டுச்சு. அந்த வருசக் கிறிஸ்துமசுக்கு இங்கிலாந்துல முதலிடம், 1982 ஜூலையில அமெரிக்காவுலயும் முதலிடம். ஆக, உலகமே கேட்ட பாட்டு ஒரு எல்பியிலயே ரொம்ப மோசமான எடத்துல மாட்டிக்கிச்சு. ‘டேர்’ ரெக்கார்டு வச்சிருக்கற எல்லாருக்கும் இந்தத் தலைவலி இருக்குது.

தம்பி, ஸ்ட்ரீமிங்ல கேளுங்க, நானும் கேக்கறேன். ஆனா இந்த ஆல்பத்தை அஞ்சு பாட்டு, எந்திரிச்சுத் திருப்பிப் போட்டு அஞ்சு பாட்டுன்னு கேக்கறப்பத்தான் ரெண்டாம் பக்கத்தோட போக்கு புரியும். மொதல்ல ‘கெட் கார்ட்டர்’னு 1971 படத்துக்கு ராய் பட் போட்ட மெட்டு சின்னதா, தனியா ஒரு சிந்தசைசர்ல வரும். அதுல இருந்து ஒவ்வொரு படியா ஏறி ‘லவ் ஆக்சன்’ வழியாக் கடைசிப் பாட்டுக்கு வர்றது. அந்த வரிசையைத் திட்டம் போட்டது 20 நிமிசப் பக்கத்துக்காக.

நொய்யல்கரை, திருப்பூர்

சென்னிமலையாருக்குக் கும்பிடுங்க. சூசன் பாடற எடம்னு தெரிஞ்சப்புறம் அதைச் சரி பண்ணாம விடக் கூடாதுன்னு இருக்குது.

ரேடியோ ஐயா சொன்னதெல்லாம் பார்த்தேன். மொதப் பக்கக் கடைசிப் பாட்டு ‘டூ ஆர் டை’யும் கரகரக்குது, ஆனா பாதி அளவுதான். ரெண்டு ஸ்பீக்கர்லயும் வருது. நடு ஓட்டையைச் சுத்தி கோடு இருக்குது, ரெண்டாம் பக்கத்துல ஜாஸ்தி. ஈரோட்டு அண்ணன் சொன்னதும் பொய்யில்ல போலிருக்குது. டேபிள் லைட்டுல சாய்ச்சுப் பார்த்தா ரெண்டாம் பக்கத்துக் கடைசி விரக்கடை அகலம் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி தெரியுது. முள் எடை 1.6 கிராம்தான் காட்டுச்சு.

இன்னொண்ணு. கம்பெனியில துணியில இழை எண்ணிப் பார்க்கற பிக் கிளாஸ் வச்சுப் பார்த்தேன். பள்ளத்துக்குள்ள வெள்ளை வெள்ளையாப் பஞ்சு இழை. எங்க ஊருக் காத்துலயே பஞ்சு பறக்குது, 40 வருசத்துல எவ்வளவு எறங்கியிருக்கும்! இதை எப்படிக் கழுவறதுங்க?

பொள்ளாச்சி ரேடியோ, பொள்ளாச்சி

ரெண்டும் கலந்திருக்குதுங்க அம்மணி. மொதப் பக்கமும் கத்துதுன்னா முள்ளு நேரா நிக்கல. ரெண்டாம் பக்கம் கூடக் கத்துதுன்னா அங்க தேய்மானமும் இருக்குது. மொதல்ல நம்ம கையில இருக்கறதைச் சரி பண்ணுவோம்.

எடையை 2 கிராம் வைங்க. 1.6-ல முள்ளு பள்ளத்துல நிக்காமத் துள்ளும், துள்ளற முள்ளு தட்டைத் தேய்க்கும். எடை கம்மியா இருந்தாத் தட்டுக்கு நல்லதுன்னு நினைக்கறவங்க நெறைய, அது நேர்மாறு.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது கார்ட்ரிட்ஜைப் பள்ளத்துக்கு நேரா நிறுத்தறது. தட்டு வெட்டின மெஷின்ல வெட்டற முனை நேர்கோட்டுல நகரும். நம்ம டேபிள்ல கை ஒரு முனையில நின்னு வில்லு மாதிரி வளைஞ்சு வரும். அதனால முள்ளு பள்ளத்துக்கு மிகச் சரியா நேரா நிக்கறது ரெண்டே எடத்துலதான். அந்த எடங்களைக் கண்டுபிடிக்கற பேர்வால்ட் கணக்குப்படி அது நடுவுல இருந்து 66 மி.மீட்டர்லயும் 120.9 மி.மீட்டர்லயும். அந்த 66 கிட்டத்தட்ட உங்க கடைசிப் பாட்டு இருக்கற எடம்தான். அந்த எடங்களைக் கோடு போட்டுக் காட்டற புரொட்ராக்டர் தாள் இணையத்துலயே கிடைக்கும். அச்செடுக்கறப்ப அளவு சுருங்காம நூத்துக்கு நூறு எடுத்து, ஸ்கேல் வச்சு ஒருக்கா அளந்து பார்த்துக்கங்க. ரெண்டு எடத்துலயும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையா வர்ற வரைக்கும் திருகாணியைத் தளர்த்தி நகர்த்துங்க. பொறுமையா ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. முள் உறை போட்டுட்டே திருகாணியைத் தொடுங்க.

கழுவறதுக்கு வால்பாறைக்காரர் வரட்டும். ஈரத்தோட மல்லுக்கட்டினவர் அவர்.

வால்பாறை மழை, வால்பாறை

வந்துட்டேனுங்க. எஸ்டேட் பங்களாச் சாமான் கூடவே வர்ற ரெக்கார்டு எல்லாம் எங்ககிட்ட பூஞ்சை பிடிச்சுத்தான் வரும். இங்க மழை நாலு மாசம் நின்னு பெய்யும், அட்டை எல்லாம் நமுத்துப் போயிரும். உங்க ஊர்ப் பஞ்சைவிட இது பெரிய கெரகம். ஆனா கழுவற முறை ஒண்ணேதான்.

சிறுவாணித் தண்ணியே ஆனாலும் குழாய்த் தண்ணி வேண்டாமுங்க. எந்தக் குழாய்த் தண்ணி காஞ்சாலும் கொஞ்சம் உப்பு பள்ளத்துல தங்கும். போர் தண்ணியைப் பத்திச் சொல்லவே வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கங்க. அதுல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம், பத்துக்கு ரெண்டு பங்குக்கு மேல வேண்டாம், நுரை அடங்கின மைல்டு சோப்புத் திரவம் ஓரிரு சொட்டு. லேபிள் மேல பிளாஸ்டிக் மூடி வச்சு மறைச்சுட்டு, மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷுல பள்ளத்தோட போக்குலயே சுத்துங்க, குறுக்கத் தேய்க்காதீங்க. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல ஒருக்கா அலசி, நூல் பிரியாத மைக்ரோஃபைபர் துணியில ஒத்தி, நிக்க வச்சுக் காய வைங்க. வெயில்ல வைக்காதீங்க, வளைஞ்சுரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டுல தாத்தா காலத்து 78 ஆர்பிஎம் தட்டு இருந்தா இந்தத் திரவத்தை அது பக்கமே கொண்டு போகாதீங்க. அது அரக்குத் தட்டு, ஆல்கஹால் பட்டாக் கரைஞ்சுரும்.

பழைய தாள் உறையைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடுங்க. வெளி அட்டை மட்டும் பத்திரமா வைங்க.

பீளமேடு 19, கோயம்புத்தூர்

இழையை நான் திசை திருப்பறேனான்னு தெரியல, மன்னிச்சுக்கங்க. சென்னிமலையண்ணன் சொன்னதைக் கேட்டு எங்க மாமா அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்த பழைய பெல்ட் டிரைவ் டேபிளை எடுத்து ஓட்டினேன். 110 வோல்ட் சாமான், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டிருக்கேன். எல்லாப் பாட்டும் இழுத்து இழுத்து, குரல் கட்டையா வருது. பெல்ட் புதுசு. என்னங்ணா காரணம்?

பொள்ளாச்சி ரேடியோ, பொள்ளாச்சி

டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும் கண்ணு, ஹெர்ட்சை மாத்தாது. அமெரிக்கக் கரன்ட் 60 ஹெர்ட்ஸ், நம்மது 50. பழைய டேபிள்ல ஏசி சிங்க்ரனஸ் மோட்டார்னா அது கரன்ட்டோட துடிப்பை எண்ணித்தான் சுத்தும். 33⅓ சுத்தவேண்டியது 27.8 சுத்தும். ஆறுல ஒரு பங்கு வேகம் குறையும், சுருதி ஒன்றரைக் கட்டைக்கும் கொஞ்சம் மேலயே எறங்கும். மோட்டார் மேல இருக்கற புல்லியை 50 ஹெர்ட்ஸ் அளவுக்குப் பெருசா மாத்தணும். சில கம்பெனிக ரெண்டு அளவு புல்லியும் விட்டிருக்காங்க. லேத்துல கடைஞ்சும் வாங்கலாம், கோயமுத்தூர்ல லேத்துக்கா பஞ்சம்? டிசி மோட்டார், குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவுக்கெல்லாம் இந்தத் தொல்லை இல்ல.

ஈரோடு கேசட், ஈரோடு

நொய்யல்கரை அம்மணி, ஒரு யோசனை. மேட் இன் இங்கிலாந்து, மொத வருசம்னா வெளியில நல்ல விலைக்குப் போகுமில்ல? வித்துட்டுப் புதுசு ரெண்டு வாங்கலாமே.

சென்னிமலையான், சென்னிமலை

போகாதுங்ணா. இங்கிலாந்துல முதலிடம் போன ஆல்பம், லட்சக்கணக்குல வித்தது. தேடற கைக்குக் கிடைக்கற தட்டுதான். அரிதுன்னா நம்ம நாட்டுலயே வேற இருக்குது. சரண்ஜித் சிங் பம்பாயில ரோலண்ட் கம்பெனியோட ஜூபிடர்-8, டிபி-303 சிந்தசைசர்களையும் டிஆர்-808 டிரம் மெஷினையும் வச்சு ராகங்களை டிஸ்கோ தாளத்துல வாசிச்சு 1982-ல பதிஞ்சார், எச்எம்வி போட்டுச்சு. அன்னைக்கு யாரும் சீண்டல. 2010-ல மறுபடி வெளியிட்டப்புறம்தான் உலகம் வாயைப் பொளந்துச்சு. அந்த ஒரிஜினல் தட்டு எந்தப் பழைய சாமான் கடையிலயாவது கண்ணுல பட்டா விடாதீங்க. நம்ம தமிழ்ல இளையராஜா 1986-ல புன்னகை மன்னனுக்கு, எண்ணாக் குடுத்த சுரங்களைத் தானா வாசிக்கற சீக்வென்சர் எடுத்தாரே, அதைக் கேட்டுட்டு ‘டேர்’ கேளுங்க. ரெண்டு ஊருலயும் எண்ணை அடிச்சுப் பாட்டாக்கற வேலையை யாரோ பொறுமையாப் பண்ணியிருக்காங்க.

விலைக்காக இதை வாங்கியிருந்தா விக்கறதைப் பத்திப் பேசலாம். அந்த அம்மணி கேக்கறதுக்கு வாங்கியிருக்காங்க.

நொய்யல்கரை, திருப்பூர்

கழுவி, அலைன்மென்ட் பண்ணி முடிச்சாச்சுங்க.

கழுவின தண்ணி கலங்கலா வந்துச்சு, வடிகட்டிப் பார்த்தா நிஜமாவே பஞ்சு. புரொட்ராக்டர் மேல வச்சதும் கார்ட்ரிட்ஜ் கோணலா நின்னது வெறுங்கண்ணுக்கே தெரிஞ்சுது. ரெண்டு புள்ளியிலயும் நேராக்கி, எடை 2 கிராம், ஆன்டி ஸ்கேட்டிங்கும் 2-ல வச்சேன்.

மொதப் பக்கம் இப்ப சுத்தம். ‘டூ ஆர் டை’ல ஒரு பிசிறு இல்ல. அந்தத் தாளப் பெட்டிக் கைதட்டல் தனியா எழுந்து நிக்குது, எம்பி3-ல இத்தனை வருசமும் அது எனக்குப் பின்னாடி எங்கயோ இருந்துச்சு. ‘செகண்ட்ஸ்’ல அடியில ஓடற சிந்த் பேஸ் சுவரைத் தொடுது.

கடைசிப் பாட்டு முக்கால்வாசி சரியாயிருச்சு. ஓக்கி பாடற மொதச் சரணம் தெளிவு. சூசன் சரணத்துலயும், கடைசியில எல்லாரும் சேர்ந்து திரும்பத் திரும்பப் பாடறதுலயும் இன்னும் கொஞ்சம் கரகரப்பு. இதோட நின்னுக்கணுமா, இன்னும் ஏதாவது இருக்குதுங்களா ஐயா?

பொள்ளாச்சி ரேடியோ, பொள்ளாச்சி

ஒண்ணு பாக்கி இருக்குது அம்மணி. செலவு புடிக்கும், அதனாலதான் மொதல்லயே சொல்லல.

பழைய பிளேயர் உருண்டை முள்ளு பள்ளத்துச் சுவர்ல ஒரு குறிப்பிட்ட உயரத்துலதான் ஒரசும். தேஞ்சது அந்த உயரம் மட்டும்தான். உங்க நீள்வட்ட முள்ளும் கிட்டத்தட்ட அங்கயேதான் ஒரசுது. மைக்ரோலைன் முள்ளு வேற சாதி. சுவர்ல மேல இருந்து கீழ வரைக்கும் நீளமாத் தொடும், தேயாத பாகத்துலயும் படும். விஎம்95 குடும்பத்துல நல்ல வசதி என்னன்னா, கார்ட்ரிட்ஜ் உடம்பு எல்லாத்துக்கும் ஒண்ணேதான். இழுத்தா முள்ளு மட்டும் வந்துரும், விஎம்95எம்எல் முள்ளை அதுலயே செருகிக்கலாம். அலைன்மென்ட்டும் பெருசா மாறாது, ஒருக்கா சரிபார்த்துக்கங்க.

ஆனா சத்தியமா ஒண்ணு சொல்றேன். பிளாஸ்டிக் பேந்து போன எடத்தை எந்த முள்ளும் திருப்பிக் கொண்டு வராது. குறையும், போகாது.

ஈரோடு கேசட், ஈரோடு

350 ரூபாத் தட்டுக்கு அதைவிடப் பல மடங்கு விலையில முள்ளா? எனக்கு மனசு ஒப்பல. அந்தக் காசுக்குத் தேயாத இன்னொரு ‘டேர்’ வாங்கீரலாம்.

வால்பாறை மழை, வால்பாறை

ஒரு தட்டுக்காக வாங்கறதா நினைக்காதீங்கண்ணா. பழைய ரெக்கார்டு வாங்கறவங்ககிட்ட எல்லாத் தட்டுக்கும் உள்கடைசிப் பாட்டுன்னு ஒண்ணு இருக்குது. நான் மாத்தினப்புறம் என்ர கிட்ட இருக்கற ஓஎம்டிங்கற இங்கிலாந்துக் குழுவோட ‘ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி’, 1981 தட்டுதான் அதுவும், அதுல ரெண்டு பக்கத்துக் கடைசியும் தெளிஞ்சுது. எஸ்டேட்டுல இருந்து வந்த கர்நாடகக் கச்சேரித் தட்டுகள்ல தம்புரா தனியாக் கேக்குது. இனிமே வாங்கற எல்லாத்துக்கும் அந்த முள்ளு வேலை செய்யும்.

நொய்யல்கரை, திருப்பூர்

தீபாவளி போனஸ்ல வாங்கிட்டேனுங்க.

ஓக்கி சரணம், கோரஸ் எல்லாம் இப்ப சுத்தம். சூசன் சரணத்துல இருந்த சிதறல் போயிருச்சு, அந்தப் பொண்ணோட ஷெஃபீல்டு உச்சரிப்பு வரைக்கும் தெரியுது. மெல்ல அடங்கற கடைசி அரை நிமிசத்துல ஒரு எடத்துல மட்டும் ‘ஸ்’ கொஞ்சம் உரசுது. ரேடியோ ஐயா, அது தேய்மானம்தானுங்களே?

தம்பி பீளமேடு, நீங்க மொதல்ல கேட்டதுக்கு என்ர பதில்: புது பிரஸ்ஸிங் வாங்கியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா டேபிள்ல இருந்த கோணல் அப்படியே இருந்திருக்கும், அந்தப் புதுத் தட்டையும் அது தேய்ச்சிருக்கும். இப்ப என்ர கிட்ட இருக்கற எல்லா ரெக்கார்டும் உள்கடைசி வரைக்கும் கேக்குது.

பொள்ளாச்சி ரேடியோ, பொள்ளாச்சி

தேய்மானம்தானுங்க. அதுக்கு மேல எதையும் திருகாதீங்க. எடை, ஆன்டி ஸ்கேட்டிங் அளவை ஒரு சீட்டுல எழுதி டேபிளுக்கு அடியில ஒட்டி வைங்க. முள்ளு முனையைக் காய்ஞ்ச சின்ன பிரஷ்ஷுல பின்னால இருந்து முன்னால மட்டும் துடைங்க, உங்க ஊர்ல பஞ்சு சேர்ந்துட்டே இருக்கும். ஈரோட்டுத் தம்பி, நம்பிக்கை இல்லேன்னா உங்க போனி எம் தட்டு ஒண்ணைத் திருப்பூருக்குக் கொண்டு போயி அதே டேபிள்ல கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்க.

ஈரோடு கேசட், ஈரோடு

அம்மணி சரின்னா வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேனுங்க. ரெண்டு தட்டு எடுத்துட்டு வர்றேன், ஒண்ணு நல்லாத் தேஞ்சது.

நொய்யல்கரை, திருப்பூர்

வாங்க்ணா. வர்றதுக்கு முன்ன கழுவி எடுத்துட்டு வாங்க, முள்ளு புதுசு.